கரித்துணி பின்னிய கதை

கடந்த மார்கழியில் நான் ஒரு துணி பின்னினேன். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த சதுரம். சாயம் ஏற்றாத பருத்தி நூல். பாத்திரம் துடைக்கலாம், முகம் துடைக்கலாம், கொதிக்கும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கலாம். வேறு பெருமை ஏதும் அதற்கில்லை. முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருக்கும் ஒருத்தி மூன்று வாரம் ஆய்வேட்டைத் தொடாமல் இதைச் செய்துகொண்டிருந்தாள் என்பது என் நெறியாளருக்குத் தெரியாது. அவருக்குத் தமிழும் தெரியாது என்பதால் இங்கே எழுதும் துணிவு வந்திருக்கிறது.

பொங்கலுக்குப் பிறகு அத்துணியின் படத்தைப் பார்த்த தோழி ஒருத்தி பின்னும் முறையைக் கேட்டாள். இரண்டு பத்தியில் எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முறை மட்டும் தனியே வர மறுத்துவிட்டது. ஆகவே பதிவு நீள்கிறது; பொறுத்தருள்க. முறை மட்டும் வேண்டுவோர் நடுவிலுள்ள ஒரு பத்தியைப் படித்துவிட்டுப் போகலாம், வருத்தமில்லை.

தில்லியில் நான் குடியிருப்பது மொட்டைமாடியில் தனியே நிற்கும் ஓர் அறை. இங்கே அதைப் பர்சாத்தி என்பார்கள். மழையைக் குறிக்கும் பர்சாத் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். மழையைவிட வெயிலும் குளிரும்தான் என் அறைக்குள் தாராளமாக வந்துபோகின்றன. வீட்டு உரிமையாளர் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா பகுதியைச் சேர்ந்த அம்மையார்; எழுபதைக் கடந்தவர். நான் அவரை ஆண்ட்டி என்பேன். அவர் என்னை பேட்டா என்பார். குளிர்காலம் பிறந்ததும் நாள்தோறும் முற்பகல் பதினொரு மணிக்கு ஒரு துணிப்பையோடு மாடிக்கு ஏறி வருவார். வெயில் நகர நகர நாற்காலியையும் நகர்த்திக்கொண்டே போவார். மூன்று மணிக்கு மாடியின் மேற்கு மூலையில் வெயிலும் நாற்காலியும் ஒன்றாக முடியும்; இறங்கிப் போய்விடுவார். அந்த நான்கு மணி நேரமும் அவர் கை நின்று நான் பார்த்ததில்லை. பேசுவார், வெயிலைப் பார்ப்பார், கீழ்வீட்டுச் சண்டையைக் கவனிப்பார், ஊசியை மட்டும் பார்க்கமாட்டார். நானோ கதவுக்கு இந்தப் பக்கம் மடிக்கணினியின் முன் உட்கார்ந்து, இரண்டாம் இயலின் ஒரே பத்தியை நீக்குவதும் மீண்டும் ஒட்டுவதுமாக இருந்தேன்.

ஒருநாள் எழுந்து போய், எனக்குக் கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டேன். கழுத்தில் சுற்றிக்கொள்ள ஒரு கம்பளி மஃப்ளர் பின்ன வேண்டும் என்பது என் கனவு. அவர் ஒரே பேச்சில் அதை மறுத்துவிட்டார். முதலில் பாத்திரம் துடைக்கும் துணி, அதுவும் பருத்தியில். தவறு வந்தாலும் பாத்திரம் ஒன்றும் சொல்லாது என்றார். பையில் கிடந்த அக்ரிலிக் நூலைக் கேட்டதற்கு, அது தண்ணீரை உறிஞ்சாது, சூடு பட்டால் உருகும் என்றார். கம்பளியை வெந்நீரில் இட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டிப்பட்டுப் போகும். பருத்தி நீரைக் குடிக்கும். நனைந்தால் அதன் வலு குறைவதில்லை, கூடவே செய்யும். இவற்றில் எதுவும் எனக்குப் புதிதாக இருந்திருக்கக்கூடாது. நான் திருப்பூர்க்காரி. அம்மா இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர். எங்கள் வீட்டில் பருத்தியைப் பற்றி யாரும் பேசியதில்லை என்பதுதான் உண்மை. சுற்றியிருப்பதைப் பற்றி எதற்குப் பேசுவது?

சந்தையில் ஊசி வாங்கியபோது ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். பின்னல் ஊசிகள் இன்றும் பழைய ஆங்கிலேய எண்முறையில் விற்கப்படுகின்றன. எண் ஏற ஏற ஊசி மெலியும். எண் 8 என்றால் 4 மில்லிமீட்டர். எண் 10 என்றால் 3.25 மில்லிமீட்டர். பருத்தி நூலின் எண்ணும் இப்படித் தலைகீழானதுதான். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே நூலின் எண். எங்கள் ஊரில் முப்பதாம் நம்பர், நாற்பதாம் நம்பர் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். நாற்பது முப்பதைவிட மெல்லியது என்று யாரும் கற்றுத்தராமலே தெரியும். அந்தக் கணக்கின் பின்னால் பவுண்டும் கஜமும் இருப்பதைத் தில்லியில் ஓர் ஊசி வாங்கும்போதுதான் தேடிப் படித்தேன். எட்டாம் எண் ஊசி ஓர் இணையும் தடித்த பருத்தி நூல் ஒரு பந்தும் வாங்கினேன்.

கைத்தொழிலைக் கற்பது எனக்குக் கடினமாக இருந்தது. அதன் சொற்களைக் கற்பது எளிதாக இருந்தது. இது என் படிப்பின் கோளாறு. ஊசி சலாயி. ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல்வளையமும் ஃபந்தா; தூக்குக் கயிற்றின் சுருக்கும், விலங்குக்கு வைக்கும் பொறியும் இந்தியில் ஃபந்தாதான். அடிப்படைப் பின்னல்கள் இரண்டே. ஒன்று சீதா, அதாவது நேர். மற்றொன்று உல்ட்டா, தலைகீழ். உலகத்தில் உள்ள கைப்பின்னல் வேலைப்பாடுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கூட்டியும் குறைத்தும் இடம் மாற்றியும் வருபவை. இன்னும் உற்றுப் பார்த்தால் இரண்டும் இரண்டல்ல: நேர்ப்பின்னலைத் திருப்பிப் பார்த்தால் அது தலைகீழ்ப் பின்னல். ஒலியன்களைப் பற்றிய முதல் வகுப்பில் இப்படி ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருந்தால் நான் இன்னும் விரைவாகப் புரிந்துகொண்டிருப்பேன்.

ஆங்கிலத்தின் நிட் என்ற வினையும் முடிச்சைக் குறிக்கும் நாட் என்ற பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆனால் பின்னிய துணியில் முடிச்சே கிடையாது. ஒரு வளையத்தின் வழியே இன்னொரு வளையம், அதன் வழியே அடுத்தது, அவ்வளவே. அதனால்தான் நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் துணியும் மீண்டும் ஒற்றை நூலாகிவிடுகிறது. இந்தியின் புன்னா என்ற வினை தறியில் நெய்வதற்கும் ஊசியில் பின்னுவதற்கும் பொது. தமிழ் இவ்விரண்டையும் ஒன்றாக்கவில்லை. பாவும் ஊடும் குறுக்கே சந்திப்பது நெய்தல். இழை தன்னோடு தானே கோத்துக்கொள்வது பின்னல். கூந்தலையும் வலையையும் நாற்காலியின் பிரம்பையும் நாம் பின்னுகிறோம். மயக்கத்தில் கால் பின்னுகிறது. நன்றாகப் பாடியவரைப் பின்னிவிட்டார் என்கிறோம். பின்னலாடை என்று திருப்பூரின் பெயர்ப்பலகைகளில் எழுதியிருப்பதை எத்தனை ஆயிரம் முறை படித்திருப்பேன்! அந்தச் சொல்லின் முற்பாதியை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்ததாக நினைவில்லை.

ஃபந்தாவுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று இரண்டு நாள் அலைந்தேன். தையல் என்பது பொருந்தாது. இங்கே எதுவும் தைக்கப்படுவதில்லை. கடைசியில் கண்ணி என்று வைத்துக்கொண்டேன். பறவைக்கு வைக்கும் சுருக்கும் கண்ணி, சங்கிலியின் வளையமும் கண்ணி, ஈரடிச் செய்யுளும் கண்ணி. இனி இந்தப் பதிவில் அப்படியே எழுதுகிறேன்.

தோழி கேட்ட முறை இதுதான். ஊசியில் 4 கண்ணிகள் ஏற்றி முதல் வரிசையை நேராகப் பின்னுக. அடுத்த வரிசையிலிருந்து, முதல் 2 கண்ணிகளைப் பின்னியதும் நூலை ஊசியின்மேல் ஒருமுறை சுற்றிக்கொண்டு மீதியை நேராகப் பின்னுக. சுற்றிய நூல் திரும்பி வரும்போது ஒரு கண்ணியாக நிற்கும். ஆகவே வரிசைக்கு ஒன்று கூடும். இப்படியே 44 வரை ஏறுக. பிறகு இறக்கம். ஒரு கண்ணியைப் பின்னி, இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, நூலை ஒருமுறை சுற்றி, மறுபடியும் இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னி, மீதியை நேராகப் பின்னுக. இரண்டு குறைந்து ஒன்று கூடுவதால் வரிசைக்கு ஒன்று குறையும். மீண்டும் 4 கண்ணிகள் ஆனதும் ஒன்றை மற்றொன்றின்மேல் தாண்டவிட்டுக் கழற்றி, நூலை அறுத்து, நுனியை உள்ளே செருகிவிடுக. மொத்தம் ஏறத்தாழ 1,900 கண்ணிகள். உல்ட்டா தெரியவேண்டியதில்லை, தொடக்கம் முதல் முடிவு வரை சீதா மட்டுமே.

இது என் கண்டுபிடிப்பன்று. பல நாடுகளில் பாட்டிமாரின் பெயரால் வழங்கிவருவது. இதன் நயத்தைப் பின்னும்போதுதான் உணரமுடியும். துணி ஒரு மூலையில் பிறந்து எதிர்மூலையில் முடிகிறது. அகலத்தை முன்கூட்டியே அளக்கத் தேவையில்லை. நூலில் பாதி தீர்ந்ததும் இறக்கத்தைத் தொடங்கினால் போதும். நூலைச் சுற்றிய இடங்களெல்லாம் சிறு துளைகளாகி ஓரத்தில் வரிசையாக நிற்பதால் கரை கட்டியது போலிருக்கும். இருபுறமும் மேடுபள்ளமாக வருவதால் துணி சுருண்டுகொள்வதில்லை. ஒருபுறம் நேராகவும் மறுபுறம் தலைகீழாகவும் அமையும் சிங்கிள் ஜெர்சி அப்படியன்று. வெட்டிய மறுகணமே ஓரம் சுருளும். பனியன் துணியின் வெட்டுத்துண்டுகளைப் பொம்மைக்குச் சேலையாகக் கட்டியவர்களுக்கு இது தெரியும்.

பருத்தி கைக்கு இரக்கம் காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பளி இழுத்தால் நீண்டு கொடுக்கும், நம் குறைகளையும் மூடி மறைக்கும். பருத்தி நீளாது. இறுக்கிப் பின்னிய வரிசை இறுக்கமாகவும் தளர்த்தியது தளர்வாகவும் அப்படியே எழுதிவைத்தது போல் நிற்கும். முதல் வாரத்தில் எனக்கு மணிக்கட்டு வலித்தது. நான்கு முறை முழுவதையும் பிரித்தேன். பிரிப்பதற்கு இந்தியில் உதேட்னா. மனம் ஒரு முடிவுக்கு வராமல் தவிப்பதை உதேட்-புன் என்கிறார்கள்: பிரிப்பும் பின்னலும். ஆண்ட்டி இதைச் சொன்னபோது, என் ஆய்வின் தலைப்பே அதுதான் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, எத்தனை வருடமாக என்று கேட்டார்.

ஐந்தாவது முறையில் துணி வளர்ந்தது. 31 கண்ணிகள் இருக்கவேண்டிய வரிசையில் எண்ணிப் பார்த்தேன்; 30 இருந்தன. மீண்டும் எண்ணினேன், 30. நான்கைந்து வரிசைகளுக்குக் கீழே ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவி, யாரையும் பற்றாமல் வாய்திறந்து நின்றது. வெயில் போய்விட்டிருந்தது, ஆண்ட்டி இறங்கிவிட்டிருந்தார். அதை எடுத்து மேலே ஏற்ற எனக்குத் தெரியாது. பிரித்தால் அன்றைய உழைப்பு முழுவதும் போகும். ஆகவே வரிசையின் நடுவில், தேவையில்லாத ஓரிடத்தில், நூலை ஒருமுறை சுற்றிவிட்டேன். திரும்பி வந்து எண்ணினேன், கணக்கு நேரானது. மறுநாள் ஆண்ட்டியிடம் காட்டியபோது, இது துடைக்கிற துணிதானே, விட்டுவிடு என்றார். விட்டுவிட்டேன்.

இங்கே என் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. துணியை ஆய்வுக்கு உவமையாக்கும் எண்ணம் எனக்கில்லை. உவமைகள் மலிந்த துறை நம்முடையது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன, அதனால் சொல்கிறேன். நீலகிரிச் சரிவில் சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் ஒரு மொழியில் வினையெச்சத் தொடர்கள் எப்படி அமைகின்றன என்பது என் பொருள். இரண்டாம் கள ஆய்வில் எடுத்த ஒலிப்பதிவுகளைக் கார்த்திகையில் மீண்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விகுதியின் உயிரைக் குறிலாக எழுதியிருந்தேன், அது நெடில். ஒரே விகுதி என்று நான் நம்பியது உண்மையில் இரண்டு. ஒரு மாத்திரைப் பிழை. அந்த ஒரு மாத்திரையின்மேல் இரண்டாம் இயலின் 41 பக்கங்களைக் கட்டியிருந்தேன். மூன்றாம் இயல் அதன்மேல் நின்றது. ஒரு கருத்தரங்குக்கு அனுப்பிய கட்டுரைச் சுருக்கமும் ஏற்கப்பட்டிருந்தது.

நெறியாளர் கவனிக்கவில்லை. கவனிக்க வழியுமில்லை; அந்த ஒலிப்பதிவுகளை முழுதாகக் கேட்ட ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். ஒவ்வாத எடுத்துக்காட்டுகள் பதினொன்று இருந்தன. அவற்றைத் தனியே எடுத்து, பேசுபவரின் தனிவழக்கு என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். அட்டவணையின் கூட்டுத்தொகை சரியாக வந்தது. அந்த அடிக்குறிப்பை எழுதிய மறுவாரம்தான் ஆண்ட்டியிடம் போய்ப் பின்னல் கற்றுக்கொடுக்கக் கேட்டேன். அப்போது எனக்கு ஓய்வு வேண்டும் என்று நினைத்தேன். ஆராய்ச்சி மாணவர்கள் மனம் தெளியப் பின்னல் பழகலாம் என்று நல்லெண்ணத்தோடு பகிரப்படும் பதிவுகளை நானும் படித்திருந்தேன்.

அந்தப் பதிவுகள்மீது எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. கையால் பின்னுவது நிதானம், தியானம், தன்னை மீட்டெடுத்தல் என்றெல்லாம் எழுதுகிறோம். நீங்கள் இதைப் படிக்கும்போது அணிந்திருக்கும் டி-சட்டையும் பின்னியதுதான். அதே நேர்ப்பின்னல், அதே கண்ணி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக. வில்லியம் லீ என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1589இல் காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கிய நாள்முதல் இந்த வேலை ஊசியிலிருந்து எந்திரத்துக்கு நகர்ந்துகொண்டே வந்திருக்கிறது. திருப்பூரின் வட்டப்பின்னல் எந்திரங்களில் ஊசிகள் வளையமாக நின்று ஏறி இறங்க, துணி குழாய்போல் கீழே இறங்கும். அதைச் சாயமேற்றி, வெட்டி, ஓவர்லாக்கிலும் பவர்டேபிளிலும் தைத்த பிறகு, பிசிறு வெட்டவும் ஓட்டை பார்க்கவும் மடிக்கவும் அடுக்கவும் வரிசையாகப் பெண்கள் நிற்பார்கள். அந்த வரிசையில் நிற்பவர் யாரும் தியானம் செய்வதாக எழுதி நான் பார்த்ததில்லை. என் படிப்புச் செலவு அந்த வரிசையிலிருந்துதான் வந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது துணியை எடுத்துப்போனேன். திருப்பூருக்குப் பின்னிய துணியைக் கொண்டுபோவது கொல்லர் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பு. எங்கள் ஊரில் துடைக்கும் துணியை யாரும் செய்வதில்லை. பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. மெக்கானிக் பட்டறை முதல் டீக்கடை வரை அதுதான் துடைக்கிறது. எங்கள் அடுக்களையிலும் கரித்துணி என்றால் ஏதோ ஒரு நாட்டுக் குழந்தைக்காகத் தைக்கப்பட்டு, அளவு தவறிக் கழிந்த சட்டையின் முதுகுதான்.

அம்மா கையில் கொடுத்தேன்.

"என்ன கண்ணு இது?"

"நானே பின்னுனதும்மா. பாத்தரம் தொடைக்க."

"தில்லிக்குப் போயி இதத்தான் படிச்சியாக்கும்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். கேட்டபடியே துணிக்கடியில் இடக்கையை விரித்துக் கொடுத்து வலக்கையால் மேலே தடவினார். செக்கிங் மேசையில் பனியனுக்குள் கை நுழைத்து வெளிச்சத்தில் விரிக்கும் அதே அசைவு. கண்ணாடி போட்டிருக்கவில்லை. பார்வை வாசலில் கோலப்பொடி கேட்டு நின்ற பக்கத்து வீட்டுப் பெண்மேல் இருந்தது. விரல் ஓரிடத்தில் நின்றது.

"இங்கொண்ணு விட்டுருக்கற." விரல் நகர்ந்தது. நான்கைந்து வரிசை தாண்டி மறுபடி நின்றது. "இங்கொண்ணு சேத்தியிருக்கற."

ஓரத்துத் துளைகளை அவர் பொருட்படுத்தவே இல்லை. அவை வேண்டுமென்றே விட்டவை என்பதை விரல் அறிந்திருந்தது.

"கணக்குச் சரியா வரோணும்னு சேத்துனேன்."

"கணக்கு வந்துரும். ஓட்டை அங்கயேதான இருக்கும்?"

அன்று மாலை கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது, விடுமுறை முடிந்து செக்கிங்குக்கு என்று போகவேண்டும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். இப்போது செக்கிங் இல்லை, பேக்கிங் என்றார். எப்போதிலிருந்து? ஆடியிலிருந்து. கூலியும் குறைவு. ஐந்து மாதம் நாள்தோறும் தொலைபேசியில் பேசியவளுக்கு அது தெரியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். ஒரு நாள் வண்டி வந்து நின்ற நேரம். குழந்தைகள் சட்டை. கழுத்துப் பட்டிக்குக் கீழே ஒரே இடத்தில் ஓட்டை. ஒன்றல்ல, அடுத்தடுத்துப் பல உருப்படிகளில். அம்மா ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைத்திருக்கிறார். "விட்டுருங்கக்கா, வண்டி நிக்குது" என்று மேற்பார்வையாளர் ஸ்டிக்கரை உரித்துவிட்டு அடுக்கச் சொல்லியிருக்கிறார். அம்மா அடுக்கிவிட்டார். ஆறு வாரம் கழித்துச் சரக்குத் திரும்பியது. பெட்டிக்குள் இருந்த சீட்டில் அம்மாவின் எண். ஸ்டிக்கரை உரித்த கைக்கு எண் ஏதும் இல்லை. அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது என்று முடிவாயிற்று.

"உனக்குத்தான் கண்ணு தெரியுமே, சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா என்ன? நானுந்தான அடுக்குனேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"நீ படிக்கற புள்ள. நான் கேக்கறப்பல்லாம் நீயும் முடியப்போகுதுன்னுதான சொல்லீட்டிருக்கற."

அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அடிக்குறிப்பைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். குறில் நெடில் அவருக்குப் புரியாது என்று என்னிடமே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், புரிந்திருக்கும்.

இரவு அவர் தூங்கியபிறகு சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு நெறியாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். எழுதி முடிக்க மூன்று மணி நேரமாயிற்று. நீளம் எட்டு வரி. விகுதி இரண்டு, அடிக்குறிப்பு பொய், இரண்டாம் இயலைப் பிரிக்கவேண்டும், மூன்றாவது என்னவாகும் என்று தெரியவில்லை. கருத்தரங்கக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் எழுதினேன். மறுநாள் மாட்டுப்பொங்கல். பிற்பகலில் இரண்டு வரிப் பதில் வந்தது: பதினொரு எடுத்துக்காட்டுகளின் ஒலிக்கோப்புகளை அனுப்பவும், திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்து எண்ணுவோம். பாராட்டும் இல்லை, கடிந்துகொள்ளலும் இல்லை. எண்ணினோம். 41 பக்கங்களில் 17 தேறின. உதவித்தொகையின் ஐந்தாண்டும் ஆகஸ்டில் முடிகிறது. அதற்குள் முடிக்கமுடியாது என்பது இப்போது உறுதி. கால நீட்டிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறேன். நீட்டிப்பு கிடைத்தாலும் அதற்குப் பணம் கிடையாது என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர் சொல்லாமலே அறிவீர்கள். ஏதேனும் மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தும் வேலை இருந்தால் தெரிவியுங்கள்.

இரண்டாவது விகுதி எனக்கு இப்போது பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். முதல் விகுதி வந்தால் இரண்டு வினைக்கும் செய்பவர் ஒருவரே. நெடில் வரும்போது வேறொருவர். பதினொரு எடுத்துக்காட்டிலும் அப்படியே. தனிவழக்கு என்று நான் ஒதுக்கிய மூதாட்டி யார் எதைச் செய்தார் என்பதை ஒரு மாத்திரையில் தெளிவாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

தில்லிக்குப் புறப்படும் நாளில் அம்மா துணியில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் வெள்ளை நூலால் தைத்துவிட்டிருந்தார். பின்னலோடு பொருந்தாத, நன்றாகவே தெரிகிற தையல். நழுவிய கண்ணியை ஓர் ஊக்கில் மாட்டிவைத்து, பிறகு சுற்றித் தைத்திருந்தார், இனி ஓடாது. துணி அடுப்புக்கு மேலிருந்த ஆணியில், கழிந்த சட்டையின் முதுகுக்குப் பக்கத்தில் தொங்கியது.

போன வாரம் பேசியபோது, தோசைக்கல்லைப் பிடிக்க அது நன்றாகச் சூடு தாங்குகிறது, ஆனால் கைக்குப் பத்தவில்லை என்றார். சற்றுப் பெரிதாக இன்னொன்று வேண்டுமாம். 60 வரை ஏறலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். நழுவிய கண்ணியைக் கொக்கி ஊசியால் ஒவ்வொரு படியாக மேலே ஏற்றுவது எப்படி என்று ஆண்ட்டி இம்முறை முதலிலேயே காட்டிக்கொடுத்துவிட்டார். தில்லியில் வெயில் கடுமையாகத் தொடங்கிவிட்டதால் அவர் மாடிக்கு வருவதில்லை. நான்தான் கீழே போகிறேன். இப்போது ஊசியில் 27 கண்ணிகள் இருக்கின்றன. இந்த வரியை எழுதுவதற்கு முன் இரண்டு முறை எண்ணினேன்.